தோளற்ற நாதம்: இசைத்தட்டு, நேர்க் கச்சேரி, சாதி

1

கர்நாடக இசை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. 'என்ன இருந்தாலும் நேர்ல கேக்கற மாதிரி வருமா சார்?' இதைச் சொல்கிறவர் வீட்டில் பெரும்பாலும் பழைய ஸ்பூல் பதிவுகள் முதல் இன்றைய இணையத் தொகுப்புகள் வரை எல்லாம் இருக்கும். இதற்கு எதிர்த்தரப்பு இன்னொரு வாக்கியத்தை வைத்திருக்கிறது. 'சபாவுக்கு யாரு போறா, எல்லாந்தான் போன்லயே கிடைக்குதே.' முன்னது புனிதம் பேசுகிறது. பின்னது வசதி பேசுகிறது. இரண்டுமே இதைக் கேட்பவரின் ரசனை சம்பந்தப்பட்ட விவகாரமாக மட்டும் பார்க்கின்றன. வாசித்தவர் யார், அவர் எங்கே நின்று வாசித்தார், அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பவை இரண்டு பேச்சிலும் கிடையாது.

ஐரோப்பாவில் இந்த விவாதம் நூறாண்டை நெருங்குகிறது. கலைப்படைப்பு இயந்திரத்தால் பிரதி எடுக்கப்படும்போது அதன் ஒளிவட்டம் மங்குகிறது, சடங்கின் பிடியிலிருந்து கலை விடுபட்டு அரசியலுக்கு வருகிறது என்று 1936இல் வெளிவந்த கட்டுரையில் வால்டர் பெஞ்சமின் நம்பிக்கையோடு எழுதினார். அந்த நம்பிக்கையை மறுத்து 1938இல் அடோர்னோ எழுதினார். இசை பண்டமாகிவிட்டது, கேட்கும் திறனே பின்னடைந்துவிட்டது என்பது அவர் வாதம். அதே அடோர்னோ 1969இல், இறப்பதற்குச் சற்று முன்பு, நீள்தட்டு வந்தபிறகு ஆபராவை அதன் மேடை அலங்காரக் குப்பைகள் இல்லாமல் இசையாகவே கேட்க முடிகிறது என்று எழுதினார். கனடாவின் பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் 1964இல் மேடையை விட்டே விலகி, எஞ்சிய வாழ்நாள் முழுக்க ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டும் வாசித்தார். ஆக அங்கேயும் இது ஒரு கோட்டுக்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம் என்று பிரிந்துகிடக்கிற விஷயமல்ல.

ஆனால் இந்த விவாதங்களை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. பெஞ்சமினும் அடோர்னோவும் கேட்க வேண்டியிராத ஒரு கேள்வி நமக்கு இருக்கிறது. இங்கே 'நேர்' என்றால் உடம்பு. உடம்பு என்றால் சாதி. நேர்க் கச்சேரியின் மேன்மை பற்றிப் பேசுகிற எவரும், எந்த உடம்பு எந்த உடம்புக்கு முன்னால் எந்த நிலையில் இருக்கலாம் என்ற ஒழுங்கைப் பற்றியும் சேர்த்தே பேசுகிறார், தெரிந்தோ தெரியாமலோ. இந்த இடத்திலிருந்து பார்த்தால் இசைத்தட்டின் கதை வேறு மாதிரி விரிகிறது என்பதே நான் சொல்ல வருவது.

2

முதலில் ஒரு கட்டுக்கதையைக் கழற்றி வைத்துவிடலாம். ஆதியில் நேர்க் கச்சேரி இருந்தது, பிறகு இயந்திரம் வந்து அதைக் கெடுத்தது என்பது அந்தக் கதை. நாம் இன்று 'நேர்க் கச்சேரி' என்று சொல்லும் சபாக் கச்சேரிக்கும் இசைத்தட்டுக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஜெர்மனியில் தட்டு அச்சடிப்பவர்களுக்கு இது யார் குரல் என்று தெரியவேண்டும் அல்லவா, அதற்காக. சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியக் குரல்களும் தட்டில் ஏறின. சென்னை மியூசிக் அகாதெமி 1928இல்தான் தோன்றுகிறது. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளை அடுக்கி, கடைசியில் துக்கடாக்களில் முடிகிற கச்சேரி வடிவத்தை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடி ராமானுஜ அய்யங்காரைச் சொல்கிறார்கள். அவர் பிறந்தது 1890. ராகம் தானம் பல்லவியை மணிக்கணக்கில் விரித்துக்கொண்டிருந்த இடத்தில், அளவான பல உருப்படிகளின் வரிசை வந்து உட்கார்கிறது. தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாட்டுக்குத்தான் இடம். மூன்று நிமிட உருப்படிகளைக் கேட்டுப் பழகிய காதும், விறுவிறுப்பான உருப்படிகளின் அடுக்காக மாறிய கச்சேரியும் ஒரே காலத்தில் உருவானதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மைக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1925 வாக்கில் மின் ஒலிப்பதிவு வருகிறது. தொடர்ந்து மேடைக்கும் மைக் வந்து சேர்கிறது. கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று உச்ச ஸ்ருதியில் பாடிய குரல்களின் இடத்தில் தாழ்ந்த, உள்ளொடுங்கிய குரல்கள் வருகின்றன. இன்று சபாவில் நாம் 'நேரில்' கேட்பது ஒலிபெருக்கியின் குரலைத்தான். இதை உணர்ந்து எதிர்த்தவர் பாலக்காடு மணி அய்யர். மிருதங்கத்துக்கு மைக் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் தோற்றார் என்பது நமக்குத் தெரியும். ஆகவே தூய நேர்க்குரல் ஒன்று, மாசுபட்ட பதிவுக்குரல் ஒன்று என்கிற எதிர்வு வரலாற்றில் நிற்காது. இரண்டும் ஒரே மின்சாரத்தின் குழந்தைகள்.

அப்படியானால் தட்டில் யார் பாடினார்கள்? தொடக்க காலத் தட்டுக்களில் கோயமுத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று தேவதாசி மரபுப் பெண்களின் பெயர்கள் முன்னால் நிற்கின்றன. மரபான வித்வான்கள் பலர் கருவிக்கு முன் பாடத் தயங்கிய காலம் அது. குரல் போய்விடும் என்ற பயமும் இருந்தது, கண்டவன் கேட்பான் என்ற பயமும் இருந்தது. இரண்டாவது பயத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கண்டவன் கேட்பதைத் தடுப்பதற்கு மேடையில் வழி உண்டு. தட்டில் கிடையாது. ஏற்கனவே 'கண்டவர்கள்' பட்டியலில் வைக்கப்பட்டிருந்த பெண்களுக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை. பாடினார்கள்.

1917இல் இறந்த தாயியின் குரல் 1912 வாக்கில் இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜை எட்டியது. அவருடைய தட்டு ஒன்றைத் தழுவி 'ராகமாலிகா' என்ற படைப்பை டெலாஜ் எழுதினார். தாயியின் கமகத்தை நெருங்க முடியாமல், பியானோவின் ஒரு தந்தியின் அடியில் அட்டையைச் செருகச் சொல்லிக் குறிப்பு எழுதிவைத்தார். பாரீசில் ஒருவர் பியானோவைச் சிதைத்தாவது தாயியின் குரலைத் தொட முயன்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கே தாயியைப் போன்றவர்களை மேடையிலிருந்து இறக்குவதற்கான ஒழுக்கச் சொல்லாடல் தயாராகிக்கொண்டிருந்தது.

நாகரத்தினம்மாள் விஷயம் இன்னும் துலக்கமானது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைக் கொடுத்துக் கோயில் எழுப்பியவர் அவர். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. தட்டில் அவருக்கு இடம் இருந்தது. தான் கட்டிய கோயிலின் முன்னால் இல்லை. நேர் என்பதன் அரசியல் இதைவிட வெளிப்படையாகத் தெரியக்கூடிய இடம் வேறு உண்டா?

1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்ததன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்று அந்த மரபிலிருந்தே எழுந்து அதை எதிர்த்தவர்களின் குரல் எனக்கு முக்கியம். என் கேள்வி வேறு. வழக்கத்தை ஒழிக்கும்போது கலையை அந்தப் பெண்களின் கையிலேயே விட்டிருக்கலாமே? மேடை கைமாறியது. பாட்டும் நாட்டியமும் மதிப்பான குடும்பங்களின் வரவேற்பறைக்குப் போயின. அந்தக் கைமாற்றத்துக்கு முந்தைய குரல்கள் நமக்கு மிஞ்சியிருப்பது கீறல் விழுந்த தட்டுக்களில்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஜார்ஜ் டவுன் வீட்டில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் வாசித்த வீணை தனம்மாள், 1938இல் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு தட்டுக்கு வாசித்தார். அந்தச் சில நிமிடங்கள் இல்லையென்றால் அவரைப் பற்றி நம்மிடம் இருப்பது புகழுரை மட்டுமே.

3

நான் பிறந்தது காவிரிக் கடைமடையில் ஒரு ஊர். கர்நாடக இசை எனக்கு சவுண்டு சர்வீஸ் வழியாக வந்தது. கல்யாணமோ காதுகுத்தோ, பனைமரத்திலோ வீட்டுக்கூரையிலோ குழாயைக் கட்டிவிடுவார்கள். விடிகாலையில் முதலில் சீர்காழி கோவிந்தராஜன். அப்புறம் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். அதன்பிறகு சினிமாப் பாட்டு. காருகுறிச்சி 1964இலேயே இறந்துவிட்டார் என்று எனக்கு அப்போது தெரியாது. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகஸ்வரம் போட்டிபோடும் பாட்டை வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டே கேட்டவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். ஆபேரி என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாது. எந்த இடத்தில் ஜானகி மேலே போகும், எந்த இடத்தில் நாயனம் எட்டிப் பிடிக்கும் என்று தெரியும். 'இப்ப பாரு, இப்ப பாரு' என்பார்கள்.

இதைக் 'கேட்டலின் பின்னடைவு' என்று அடோர்னோவை வைத்துச் சொல்ல இங்கே ஆட்கள் உண்டு. பின்னடைய முதலில் முன்னால் இருந்திருக்க வேண்டும். சபாவுக்குள் விடப்படாதவர்களுக்கு, சபா இருக்கும் ஊருக்கே போகாதவர்களுக்கு, தட்டும் ரேடியோவும்தான் முதல் நுழைவு. 1938இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியபிறகு, பஞ்சாயத்து ரேடியோவின் கீழே உட்கார்ந்து கேட்டவனிடம் எந்தத் தெரு என்று ரேடியோ கேட்கவில்லை. அதற்கும் முன்பே நாடகக்காரர்கள் வழி திறந்திருந்தார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டில் நாடகப் பாட்டும் இருந்தது, கீர்த்தனையும் இருந்தது. 1933இல் 27 வயதில் அவர் இறந்தார். தட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. தேசியப் பாடல்கள் நாடக மேடையிலிருந்து தட்டுக்குப் போய்ப் பரவிய வரலாற்றை சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தட்டு வெகுசனத்தை உருவாக்கியது என்பதற்கு அது போதிய சான்று.

பிற்பாடு சென்னை வந்து சபாக்களுக்குப் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. டிக்கெட் வாங்கினால் உள்ளே விடுவார்கள். ஆனால் பக்கத்து இருக்கையில் தொடையில் தாளம் விழுந்துகொண்டிருக்கும். எங்கே 'த்சொ த்சொ' சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தாளம் போடத் தெரியாத கை அந்த இடத்தில் தனியாகத் தெரியும். காருகுறிச்சியின் ஆபேரியை மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு, அந்த மூன்று மணிநேரமும் என் கைகளை எங்கே வைப்பது என்பதே கவலையாக இருந்தது. நேர்க் கச்சேரி காதை மட்டும் கேட்பதில்லை. உடம்பு முழுவதையும் பரீட்சை வைக்கிறது. தட்டு அந்தப் பரீட்சையை ரத்து செய்தது. அதன் ஜனநாயகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் பெஞ்சமின் எதிர்பார்த்த விடுதலை இங்கே முழுதாக வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இயந்திரப் பிரதி வந்தால் கலை சடங்கிலிருந்து விடுபடும் என்றார். 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் நீள்தட்டாக வந்தது. என்ன ஆயிற்று? சடங்கு தட்டில் ஏறி வீட்டுக்கு வீடு வந்தது. டீக்கடை, மளிகைக்கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் விடியற்காலையில் சந்நிதிகளாயின. ஒளிவட்டம் மங்கவில்லை. மொத்தக் கொள்முதலில் விநியோகமாயிற்று. பிரதி எடுக்கும் இயந்திரம் தன்னளவில் யாரையும் விடுவிப்பதில்லை. புனிதத்தையும் அதே வேகத்தில் பிரதி எடுக்கும்.

4

இனி நாகஸ்வரத்துக்கு வருகிறேன். தட்டா நேரா என்ற கேள்வியின் முழு முரணும் இந்தக் கருவியில்தான் இருக்கிறது.

நாகஸ்வரத்தின் நேர் என்பது சபாவின் நேர் அல்ல. சாமி புறப்படும்போது மல்லாரி. தெருமுனையில் நின்று ராகம். நடுவில் தவில் தனி. கூட்டம் நகரும், நிற்கும், கலையும். குழந்தைகள் தோளில் தூங்கும். விடியவிடிய நடக்கும். டிக்கெட் இல்லை, மௌனம் இல்லை, கதவு இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இப்படித்தான் மணிக்கணக்கில் வளர்ந்தது. அதன் ஒரு நறுக்குத்தான் தட்டில் இருக்கிறது. அந்த நறுக்கே கடல் கடந்தும் போய் அவர் பெயரைத் தோடியோடு ஒட்டிவைத்தது.

கதவு இல்லை என்றேன். தெரு உண்டு. சாமி எல்லாத் தெருவுக்கும் வராது. வராத தெருவில் இருந்தவர்களும் நாகஸ்வரம் கேட்டார்கள், காற்றடிக்கிற பக்கம் பார்த்து. வாசிப்பவரின் முகம் தெரியாமல், உடம்பு தெரியாமல், நாதத்தை மட்டும் கேட்பது கிராமபோனோடு வந்த புதிய அனுபவம் என்று ஒலி பற்றிய கோட்பாட்டாளர்கள் எழுதுகிறார்கள். சேரிக்கு அது பழைய அனுபவம். தட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே சேரியின் காது தொலைவிலிருந்து கேட்கப் பழக்கப்படுத்தப்பட்டிருந்தது.

வாசித்தவர்களுக்கும் நேர் என்பது கௌரவமாக இருக்கவில்லை. மேல் சட்டை கூடாது. துண்டு தோளில் இருக்கக் கூடாது, இடுப்புக்குப் போக வேண்டும். கானாடுகாத்தானில் நாகஸ்வரக் கலைஞர் சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டிருந்ததை எதிர்த்தபோது, எடுக்காதீர்கள் என்று பட்டுக்கோட்டை அழகிரிசாமி அவர் பக்கம் நின்றது சுயமரியாதை இயக்க வரலாற்றில் ஒரு முக்கியமான நிகழ்ச்சி. ராஜரத்தினம் கிராப் வைத்துக்கொண்டார், கோட்டுப் போட்டுக்கொண்டார், நின்றுகொண்டு வாசிக்க வேண்டிய இடங்களில் உட்கார மேடை கேட்டார். இதையெல்லாம் மேதையின் கிறுக்கு என்று ரசித்துச் சொல்லும் கதைகள் நிறைய உண்டு. அவை கிறுக்கு அல்ல. நேரில் இருக்கும் உடம்புக்கான போராட்டம். அந்த ராஜரத்தினத்துக்கு மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் 1956இல் இறந்தார். ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998இல் கிடைத்தது.

தட்டுக்குத் தோள் கிடையாது. துண்டு எங்கே இருக்கிறது என்று தட்டைப் பார்த்து யாரும் கேட்க முடியாது. நேரில் மறுக்கப்பட்ட சமத்துவத்தைத் தட்டு நாகஸ்வரத்துக்குத் தந்தது. கம்பெனியின் விலைப்பட்டியலில் வித்வானுக்கும் நாயனக்காரருக்கும் ஒரே அளவு எழுத்துதான். வீட்டுக்குள் விடாதவர்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்டார்கள்.

சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. தோளில்லாத நாதம் கிடைத்துவிட்டால் தோளுள்ள ஆள் எதற்கு?

நாகஸ்வரம் இன்று தமிழ்நாட்டில் மிக அதிகமாக ஒலிக்கும் இசைகளில் ஒன்று. கோயில், கல்யாண மண்டபம், கடை திறப்பு, அரசு விழா, தொலைக்காட்சியில் பண்டிகை நிகழ்ச்சி, எங்கும் ஒலிக்கிறது. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' வழியாக எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு எல்லோர் காதிலும் இருக்கிறது, முகம் சிவாஜி கணேசனுடையதாக இருந்தாலும். பரவலுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு மேளத்துக்கு இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று ஆறு பேர் வேண்டும். முதலில் ஒத்துக்காரர் போனார். அவர் இடத்தில் எலக்ட்ரானிக் ஸ்ருதிப்பெட்டி. அப்புறம் தாளக்காரர். பல கோயில்களில் பூசை நேரத்துக்கு மோட்டார் வைத்த முரசும் மணியும் சுவிட்சைத் தட்டினால் அடித்துக்கொள்கின்றன. மண்டபங்களில் முகூர்த்தத்துக்கு மட்டும் ஒரு சின்ன மேளம், கெட்டிமேளம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். மற்ற நேரத்துக்குப் பதிவு ஓடும். வரவேற்புக்குக் கேரளத்துச் செண்டை. எனக்குத் தெரிந்த ஒரு நாயனக்காரர் சொன்னார்: 'எங்க அப்பா வாசிச்ச கேசட்டப் போட்டுட்டு என்னய வேணாங்கிறான் சார். யார்கிட்ட சண்டைக்குப் போறது, அப்பாகிட்டயா?'

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. இசைக் கலைஞருக்குத் தன் வாசிப்பின்மீது உரிமை உண்டு என்று 1994இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. வணிகப் பயன்பாட்டில் வரும் வருவாயில் அவருக்குப் பங்கு உண்டு என்று 2012இல் மறுபடி திருத்தினார்கள். நல்லது. ஆனால் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு ஒரு விலக்குத் தருகிறது. மதச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணம் சார்ந்த கொண்டாட்டங்களிலும் பதிவு செய்த இசையை ஒலிக்கவிடுவது உரிமை மீறல் ஆகாது. சாதாரண ஜனங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நோக்கில் இது சரியான விலக்குதான். நாகஸ்வரத்தின் பக்கம் நின்று படித்துப் பாருங்கள். அந்தக் கருவிக்குப் பிழைப்பே கோயிலும் கல்யாணமும். சபா வித்வானின் பதிவு எங்கெங்கே சம்பாதிக்குமோ அங்கெல்லாம் சட்டம் காவல் நிற்கிறது. நாயனக்காரரின் பதிவு ஒலிக்கும் இரண்டு இடங்களிலும் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. யாரும் சதி செய்யவில்லை. யாருடைய வாழ்க்கையும் கணக்கில் எடுக்கப்படாமல் பொதுவாக எழுதப்படும் சட்டம் இப்படித்தான் இருக்கும்.

சபாப் பாடகருக்கும் பதிவுக்கும் உள்ள உறவு இதற்கு நேர் எதிரானது. பதிவு அவர் பெயரைப் பரப்புகிறது. பெயர் அவரை மேடைக்கு அழைக்கிறது, வெளிநாட்டுக்கும் அழைக்கிறது. அவருக்குப் பதிவு விளம்பரம். நாயனக்காரருக்குப் பதிவு மாற்று ஆள். ஒரே தொழில்நுட்பம் ஒருவரைப் பெருக்குகிறது, இன்னொருவரைக் கழிக்கிறது. காரணம் ஸ்வரத்தில் இல்லை. பாடகரை அழைப்பவர்கள் அவரையே பார்க்க வருகிறார்கள். நாயனக்காரரை அழைப்பவர்களுக்கு மங்கலச் சத்தம் வேண்டும், ஆள் வேண்டாம்.

5

மங்கலத்துக்கு ஆள் வேண்டாம், பதிவு போதும். அமங்கலத்துக்கு? இழவு வீட்டில் எவரும் பறையைக் கேசட்டில் போட்டுத் திருப்திப்பட்டதை நான் பார்த்ததில்லை. அங்கே நேர்தான் வேண்டும். உயிருள்ள ஆள் வந்து, வாசலுக்கு வெளியே நின்று, வெயிலில் அடிக்க வேண்டும். வரமாட்டேன் என்றால் ஊர் திரண்டு வரும். பறையடிக்க மறுத்ததற்காகத் தாக்கப்பட்டவர்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டவர்கள் கதை தமிழ்நாட்டின் தலித் அரசியலில் உள்ள எவருக்கும் புதிதல்ல. 1990களில் தலித் இயக்கங்கள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்றதும், பிறகு அதே பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றியதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் ஒரே உரிமை. என் உடம்பை எங்கே நேரில் நிறுத்துவது என்பதை நான் முடிவு செய்வேன்.

சாஸ்திரிய இசை பற்றிய கட்டுரையில் பறை எதற்கு என்று சிலர் கேட்கலாம். சாஸ்திரிய இசையின் ஒழுங்கே பறையை வெளியே நிறுத்தித்தான் வரையப்பட்டது என்பதால். இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே இருக்கும் மிருதங்கத்தின் தோலை உரித்துப் பதப்படுத்தி மூட்டுகிற கைகள் யாருடையவை என்பதை டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு முழு நூலாக எழுதினார். தலித் கிறித்தவத் தொழிலாளர் குடும்பங்கள். மேடையில் மிருதங்கம் இருக்கிறது. அதைச் செய்தவர் இல்லை. நேர்க் கச்சேரியின் நேர்மை பற்றிப் பேசுகிறவர்கள் அங்கே நேரில் இல்லாதவர்களையும் எண்ணிக்கொள்ளட்டும்.

ஆக, நேர் என்பது ஒருவருக்கு உன்னதம், இன்னொருவருக்கு வேலையிழப்பு, மூன்றாமவருக்குக் கட்டாயம். இந்த மூன்றையும் ஒரே சொல்லால் குறித்துக்கொண்டு அழகியல் பேசுவது மோசடி.

6

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும்.

ஒன்று: 'தட்டு ஜனநாயகம்னா அப்புறம் நாயனக்காரருக்காக ஏன் அழறே? தொழில்நுட்பம் வந்தா சில தொழில் போகத்தான் செய்யும்.' மாட்டுவண்டி போய் லாரி வந்த கதை இதுவல்ல. லாரி வந்தபிறகு மாட்டின் சத்தத்தை யாரும் பதிவு செய்து ஓடவிடவில்லை. இங்கே நாதம் வேண்டியிருக்கிறது. நாதத்தை உண்டாக்கும் மனிதர்தான் வேண்டாதவர். வேண்டாதவராக இருந்தது தொழில்நுட்பத்துக்கு முன்பே. தொழில்நுட்பம் அந்தப் பழைய ஆசையை நிறைவேற்றிக் கொடுத்திருக்கிறது.

இரண்டு: 'நேர்க் கச்சேரிக்குன்னு எதுவுமே இல்லையா?' இருக்கிறது. பக்கவாத்தியக்காரர் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு போகும்போது பாடகர் முகத்தில் வருகிற சிரிப்பு, சீவாளி சரியாகப் பேசாத அன்று வித்வான் அதோடு போராடி ராகத்தை வெளியே எடுக்கிற விதம், ஒரு தவறு விழுந்து அதுவே புதிய சங்கதியாக மாறுவது, இவை பதிவில் தணிக்கையாகிவிடும். இவற்றின் அருமையை நான் மறுக்கவில்லை. அருமையானது என்பதால்தான் யார் வசம் இருக்கிறது என்று கேட்கிறேன்.

2020 மார்கழியில் கொரோனாவால் சபாக்கள் மூடிக்கிடந்தன. இசைவிழா இணையத்துக்கு மாறியது. நேர் இல்லாவிட்டால் சங்கீதமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கட்டணம் செலுத்தித் திரையில் கேட்டார்கள். தேவைப்பட்டால் ஒளிவட்டத்தை மடித்து வைத்துக்கொள்ள முடியும் என்று தெரிந்தது. அதே ஆண்டு பங்குனி, சித்திரை, வைகாசி என்று கோயில் திருவிழாவும் முகூர்த்தங்களும் குவியும் மாதங்கள் ஊரடங்கில் போயின. நாகஸ்வரம், தவில், பறை, கரகம் என்று தெருவை நம்பியவர்களின் ஆண்டு வருமானமே அந்த மாதங்களில்தான். திரைக்கு மாற்றிக்கொள்ள அவர்களிடம் ஒன்றுமில்லை. கோயிலுக்குள் பூசை நடந்தது. முரசு இயந்திரம் அடித்துக்கொண்டிருந்தது.

2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவைப் பலரும் பாராட்டினார்கள். சிலர் கேலி செய்தார்கள். மீனவர் குப்பத்துக்குக் கர்நாடக இசை போனதைவிட, பறையாட்டமும் கர்நாடக இசையும் ஒரே மேடையில் ஏறியதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். இடத்தை மாற்றினால் நேர் என்பதன் அர்த்தமும் மாறும் என்று அது காட்டியது. ஆனால் விழா நாளோடு அர்த்தம் முடிந்துபோகிறது என்பதையும் பார்க்கிறோம். மறுநாள் கூலி பற்றி விழாக்கள் பேசுவதில்லை.

எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும்தான் இந்த இதழைப் படிக்கிறார்கள் என்பதால் வெளிப்படையாகவே கேட்கிறேன். நம் வீட்டுக் கல்யாணங்களில் என்ன ஒலிக்கிறது? சுயமரியாதைத் திருமணம் என்றால் மேளமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் நாகஸ்வரப் பதிவை ஓடவிடுகிற தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். சடங்கு வேண்டாம் என்பது சரி. வாசிப்பவரைச் சடங்கோடு சேர்த்துக் கழித்துவிட்டு அவர் நாதத்தை மட்டும் வைத்துக்கொள்வது என்ன முற்போக்கு? தாலி இல்லாத கல்யாணத்தில் ஒரு நாகஸ்வரச் செட்டை மேடையில் உட்காரவைத்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணிநேரம் தோடி வாசிக்கச் சொல்ல நம்மைத் தடுப்பது எது? பழனி கோயிலின் தவில் நாகஸ்வரப் பள்ளி போன்ற இடங்களில் கற்று வெளியே வரும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணிநேரம் கோயிலுக்கு வெளியே, சடங்குக்கு வெளியே, தோளில் துண்டோடு ஒரு இடம்.

பழைய தட்டுக்களையும் நாம் கைவிட முடியாது. ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப்பின் அறுபது ஆண்டுகளில் முடிந்துவிடுவதால் தாயியும் நாகரத்தினம்மாளும் ராஜரத்தினமும் இன்று பொதுச்சொத்து. ஆர்வலர்கள் அவற்றைச் சேர்த்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். அவற்றின் குறிப்புகளில் ராகம், தாளம், தட்டின் எண் எல்லாம் இருக்கின்றன. பாடியவர் எந்த மேடையிலிருந்து இறக்கப்பட்டார் என்பது இருக்காது. அதை எழுதுவது விமர்சகர்களின் வேலை. தவில் வாசித்தவரின் பெயர்கூட இல்லாத தட்டுக்கள் ஏராளம். அந்தப் பெயர்களைத் தேடுவதும் அதே வேலைதான்.

தட்டா நேரா என்று இனி யாராவது கேட்டால் நான் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கப்போகிறேன். உள்ளே யார் வரமுடிகிறது? வாசித்தவருக்கு என்ன கிடைக்கிறது? வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு முடியுமா? மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகு ஸ்ருதி சுத்தம் பற்றிப் பேசலாம். எனக்கும் பிடித்த விஷயம்தான் அது.